எல்லாவற்றிலும் நெட் பறக்கிறது, ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ஊர்கிறது

"மாமா, அம்மா போன்ல வீடியோ நிக்காம ஓடுது. என் கம்ப்யூட்டர்ல மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. நெட்காரருக்குப் போன் பண்ணவா?"

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து அக்கா மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. ஒரே இணைப்பு, ஒரே ரூட்டர். போனில் ஓடுகிறது என்றால் தெருக் கம்பத்திலிருந்து ரூட்டர் வரை வழி சரியாக இருக்கிறது. கோளாறு ரூட்டருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கலாம், இல்லையென்றால் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கலாம். நெட்காரர் வந்தால் ரூட்டரை அணைத்துப் போடுவார், தன் போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டுவார், "எங்க சைடு ஓகே" என்று கிளம்பிவிடுவார். அவர் சொல்வது உண்மைதான். உங்கள் சிக்கல் மட்டும் அப்படியே கிடக்கும்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் வீடுகளில் இந்தப் புகாரைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். 'ஸ்லோ' என்ற ஒரே வார்த்தையில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொரு வீட்டிலும் அது வேறு மாதிரி ஸ்லோ. பக்கம் திறக்க நேரமாவது ஒரு மாதிரி, திறந்த பிறகு இறங்க நேரமாவது இன்னொரு மாதிரி, அறுந்து அறுந்து வருவது வேறு மாதிரி. அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். அதனால் கீழே குறிகளின்படி எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எதைக் காட்டுகிறதோ அங்கே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலையும் சேர்த்து மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும்.

முதலில் அளந்து பாருங்கள்

போனில் வேகமாக வருகிறது என்று சொல்லும்போது அது வைஃபையில்தான் வருகிறதா என்று பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டர் மேசையிலேயே போனை வைத்துச் சோதியுங்கள். ஹாலில் ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று அளந்த எண்ணை உள்ளறைக் கம்ப்யூட்டரின் எண்ணோடு ஒப்பிடுவது நியாயமில்லை. இரண்டிலும் ஒரே ஸ்பீடு டெஸ்ட் தளத்தைத் திறந்து, ஒன்று முடிந்த பிறகு மற்றதை ஓட்டுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றின் பங்கை மற்றது தின்னும். இறங்கும் வேகம், ஏறும் வேகம், பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம்) என்ற மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். காலையில் ஒருமுறை, இரவு எட்டு மணிவாக்கில் ஒருமுறை. இரவில் போனும் சேர்ந்து மெதுவானால் அது தெருவுக்கே உள்ள நெரிசல். இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

ஒரு கணக்கையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நெட் கம்பெனி 100 என்று சொல்வது நொடிக்கு 100 மெகாபிட், சுருக்கமாக எம்பிபிஎஸ். கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் இறங்கும்போது காட்டும் எண் பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஃபைல் நொடிக்கு 11, 12 மெகாபைட் இறங்கினால் உங்களுக்கு எந்தக் கோளாறும் இல்லை. மஞ்சக்குப்பத்தில் ஒருவர் இதற்காகவே இரண்டு ரூட்டர் மாற்றியிருந்தார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

வயரில் போட்டும் 95-ஐத் தாண்டவில்லை

200 அல்லது 300 எம்பிபிஎஸ் பிளான். போனில் 180, 250 என்று வருகிறது. வயரில் மாட்டிய கம்ப்யூட்டரில் மட்டும் 93, 94, 95. எத்தனை முறை அளந்தாலும் அதே எண். இந்த எண்ணைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம், இணைப்பு கிகாபிட்டிலிருந்து (அதாவது 1000 மெகாபிட்டிலிருந்து) 100-க்கு இறங்கி நிற்கிறது. 100 மெகாபிட் குழாயில் தரவோடு சேர்ந்து போகும் முகவரி, சரிபார்ப்புச் சங்கதிகள் போக நம் கைக்கு வருவது 95-க்குள்தான்.

உறுதி செய்ய விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஈத்தர்நெட்டை (வயர் இணைப்புக்கு அதுதான் பெயர்) திறந்து, லிங்க் ஸ்பீடு என்ற வரியைப் பாருங்கள். 1000 என்று இருந்தால் வயர் நன்றாக இருக்கிறது. 100 என்று இருந்தால் மூன்று இடங்களில் தேட வேண்டும்: வயர், ரூட்டரின் துளை, கம்ப்யூட்டருக்குள் அந்த வயர் போய்ச் சேரும் லேன் கார்டு.

வயரிலிருந்து தொடங்குங்கள். அந்த வயருக்குள் எட்டு இழைகள் இருக்கின்றன, இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஓர் இழை அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாது. இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டு, 'சரி, 100-லேயே போவோம்' என்று சத்தமில்லாமல் இறங்கிக்கொள்ளும். விளக்கு எரியும், நெட் வரும், எந்த எச்சரிக்கையும் வராது. அதனால்தான் இது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது.

நம் கரையோரத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தேவனாம்பட்டினத்தில் எங்கள் அத்தை வீடு. மாடியறை ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று நேராக மேசைமேல் வந்து அடிக்கும். வந்த இரண்டாவது வருடமே கம்ப்யூட்டர் 94-க்கு இறங்கிவிட்டது. ஜாக்கைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். வரிசையாக எட்டு மஞ்சள் தகடுகள் தெரிய வேண்டும். ஆறுதான் மஞ்சளாக மின்னின. கடைசி இரண்டின் ஓரத்தில் மெல்லிசாகப் பச்சைக் களிம்பு. செம்புக் குடத்தில் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் பிடிக்குமே, அதே பச்சை. கடைசி இரண்டு பழுப்பு ஜோடிக்குரியவை. தகட்டின் மேலே பூசியிருக்கும் தங்க முலாம் மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் உப்புக் காற்று உள்ளே இருக்கும் உலோகத்தைத் தின்ன ஆரம்பிக்கிறது. "இத்தனூண்டு பச்சைக்கா இவ்ளோ பாடு?" என்றார் அத்தை. ஆமாம் அத்தை, அதற்குத்தான்.

அன்றைக்கு ஜாக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய ஜாக்கை இழைகளோடு அழுத்திப் பொருத்தினேன், கிரிம்ப் என்பது அதுதான். இழைகளின் வரிசை இடமிருந்து: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஜாக்கின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க, தங்கத் தகடுகள் உங்களைப் பார்த்து மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டுதான் இந்த இடம் வலம். இரண்டு முனையிலும் இதே வரிசை இருக்க வேண்டும். கிரிம்பிங் டூல் இல்லாதவர்கள் கடையில் முனை கட்டிய கேட் 5இ அல்லது கேட் 6 வயராக வாங்கிவிடலாம். சோதிப்பதற்கும் அதுதான் சுலபம்: வீட்டில் இருக்கும் வேறொரு நல்ல வயரை ரூட்டர் பக்கத்திலேயே மாட்டிப் பாருங்கள், லிங்க் ஸ்பீடு 1000-க்கு ஏறினால் பழைய வயர்தான் குற்றவாளி.

வயர் வாங்கும்போது இன்னொன்றைப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் பல வயர்களில் உள்ளே இருப்பது முழுச் செம்பு கிடையாது, செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஓர் இழையின் நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே செம்பு நிறமாகவே இருந்தால் நல்லது. வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். நாலு முறை மடங்கினால் முறியும், ஈரமும் உப்பும் பட்டால் சீக்கிரம் பொடிந்துபோகும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பல வீடுகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அப்போது தரையோடு ஓடிய வயர்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் முனைகளில் உள்ளுக்குள் கறுத்திருந்தன. தண்ணீரில் கிடந்த வயரைக் காயவைத்துத் திரும்பப் போட வேண்டாம். கதவு இடுக்கில் நசுங்குவதும் எலி கடிப்பதும் எல்லா ஊருக்கும் பொது.

வயர் நல்லதாக இருந்தும் 100 என்றே காட்டினால் ரூட்டரின் பின்பக்கம் பாருங்கள். ஃபைபருக்குக் கொடுக்கும் பெட்டிகள் பலவற்றில் ஒரே ஒரு துளைதான் கிகாபிட், மற்றவை 100-க்கு மட்டும். வயரை ஒவ்வொரு துளையாக மாற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ் என்ற இடத்தில் ஆட்டோ நெகோஷியேஷன் (வேகத்தை இரு பக்கமும் தாமே பேசி முடிவு செய்வது) இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ 100 என்று கையால் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அங்கே 1000-க்கான பேச்சே இல்லையென்றால் கார்டே பழையது. யுஎஸ்பியில் மாட்டும் கிகாபிட் லேன் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும், கம்ப்யூட்டரை மாற்ற வேண்டியதில்லை. அதை யுஎஸ்பி 3 துளையில்தான் மாட்ட வேண்டும்.

வயரில் பறக்கிறது, வைஃபையில் ஊர்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார். வயரில் மாட்டிச் சோதித்து வேகம் வந்துவிட்டால் விண்டோஸையும் பிரௌசரையும் சந்தேகப்பட வேண்டாம். காற்றில்தான் வேலை.

வீட்டு வைஃபையில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள். முதலாவது சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. இரண்டாவது வேகம், ஆனால் சுவர் என்றால் சுணங்கிவிடும். போன் 5-ல் இருக்க, கம்ப்யூட்டர் 2.4-ல் மாட்டிக்கொண்டிருப்பது சாதாரணம். செட்டிங்ஸில் உங்கள் வைஃபை பெயருக்குள் போனால் நெட்வொர்க் பேண்ட் என்று ஒரு வரியும், லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரியும் இருக்கும். பேண்ட் 2.4, லிங்க் ஸ்பீடு 72 என்று இருந்தால், ஒற்றை ஆன்டெனா உள்ள பழைய கார்டு அது. வைஃபையில் லிங்க் ஸ்பீடில் பாதிக்குச் சற்று மேலே கிடைத்தாலே நல்லது. 72 என்றால் 38, 40. அதற்கு மேல் அந்தக் கார்டிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. கார்டு 5-ஐப் பிடிக்கும் என்றால், ரூட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, கம்ப்யூட்டரை 5-ல் சேருங்கள். ஒரே பெயரில் விட்டால் பழைய கம்ப்யூட்டர்கள் 2.4-ஐ விட்டு நகருவதில்லை.

சுவர் விஷயத்தில் புதுச்சேரிப் பழைய வீடுகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வைசியாள் வீதிப் பக்கம் ஒரு வீடு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் அடுக்களையை ஒட்டிய அறை. சுண்ணாம்புச் சாந்து பூசிய செங்கல் சுவர்கள், கையை நீட்டினால் முழங்கை வரை ஜன்னல் மேடையே இருக்கும், அவ்வளவு தடிமன். ஃபைபர் வயர் தெருவிலிருந்து வருவதால் ரூட்டரைத் திண்ணையை ஒட்டிய அறையில் மாட்டியிருந்தார்கள். பின்னறைக் கம்ப்யூட்டருக்கு அலை மூன்று சுவர்களைக் குறுக்காகத் தாண்ட வேண்டும். புதுப்புது ஆன்டெனாக்கள் வாங்கி அலுத்துப்போயிருந்தார் அந்த வீட்டுப் பெரியவர். நான் ரூட்டரைக் கழற்றி, முன்னறையிலேயே முற்றத்தைப் பார்த்த ஜன்னலின் உள்மேடையில் வைத்தேன். நகர்த்தியது எட்டடிகூட இருக்காது. பின்னறைக் கதவும் முற்றத்தைப் பார்த்துத்தான் திறக்கும். நடுவில் வெறும் ஆகாயம். 6 எம்பிபிஎஸ் வந்துகொண்டிருந்த இடத்தில் 70 வந்தது. காற்றும் வெளிச்சமும் வீடு முழுக்கப் போக நம் ஆட்கள் கட்டிய முற்றம் வைஃபைக்கும் அதே வேலையைச் செய்கிறது. முற்றமுள்ள வீட்டில் முதலில் அதைத்தான் பயன்படுத்துங்கள். சாரல் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

முற்றம் இல்லாத வீடுகளில் வேறு தடைகள். இரும்பு பீரோ அலையை அப்படியே நிறுத்திவிடும். நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான். மீன்தொட்டித் தண்ணீர் 2.4-ஐ நன்றாகவே உறிஞ்சும். டெஸ்க்டாப்பில் வைஃபை ஆன்டெனா சிபியுவின் பின்பக்கம், சுவரை ஒட்டி, மேசைக்கு அடியில் இருக்கும். அந்த இரும்புப் பெட்டியே ரூட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் நிற்கிறது. பெட்டியை ஓர் அடி முன்னால் இழுத்துச் சற்றுத் திருப்பி வைத்தாலே எண் மாறுவதைப் பார்க்கலாம்.

அக்கா மகள் வீட்டில் இருந்த கோளாறும் சிபியுவின் பின்பக்கம்தான். கட்டை விரல் அளவு யுஎஸ்பி வைஃபை டாங்கிள், அதற்கு ஒட்டினாற்போல் நீல நிறத் துளையில் வெளி ஹார்டு டிஸ்க். நீல நிறம் யுஎஸ்பி 3. அது வேலை செய்யும்போது கிளம்பும் மின்னிரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைச் சோதித்து வெளியிட்டிருக்கிறது. டாங்கிளுக்கு அது காதருகே ரைஸ்மில் ஓடுவது போல. "ஹார்டு டிஸ்கை எடுத்துட்டு டெஸ்ட் பண்ணிப் பாரு" என்றேன். 4 இருந்தது 38 ஆயிற்று. மாட்டினாள், திரும்ப 5. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவந்து ஒட்டினாள். ஹார்டு டிஸ்கும் ஓடுகிறது, வீடியோவும் ஓடுகிறது.

லாஸ்பேட்டை போன்ற இடங்களில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அக்கம்பக்கத்து ரூட்டர்களும் சேர்ந்துகொள்ளும். ஓர் அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகள்தான் சேனல்கள்; 2.4-ல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டுமே. போனில் வைஃபை அனலைசர் ஒன்றைப் போட்டு எது காலியாக இருக்கிறதோ அதில் ரூட்டரை வையுங்கள், சேனல் அகலத்தை 20-ல் விடுங்கள். 3, 4, 9 என்று நடுவில் வைப்பது இரண்டு பக்கத்தாரோடும் சண்டைக்குப் போவதற்குச் சமம்.

பக்கம் திறக்கத்தான் நேரமாகிறது, திறந்துவிட்டால் வேகம்

முகவரியை அடித்ததும் ஐந்து, பத்து நொடி வெள்ளைத் திரை. பிறகு மடமடவென்று எல்லாம் வந்து விழும். யூடியூப் ஓட ஆரம்பித்தால் நிற்காது. ஸ்பீடு டெஸ்டும் நன்றாக இருக்கும். இது டிஎன்எஸ். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் வேலை அதனுடையது. உங்கள் கம்ப்யூட்டர் கேட்கும் முதல் டிஎன்எஸ் பதில் சொல்லாவிட்டால், காத்திருந்துவிட்டு இரண்டாவதைக் கேட்கும். அந்தக் காத்திருப்புதான் வெள்ளைத் திரை.

போனில் இது தெரியாது, ஏனென்றால் போன் ரூட்டர் கொடுப்பதை எடுத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டரில் பழைய நெட் கம்பெனியின் ஆள் கையால் அடித்து வைத்த எண் அப்படியே கிடக்கும். இணைப்பு மாறிப் பல வருடமாகியிருக்கும், அந்த எண்ணுக்குப் பின்னால் இப்போது பதில் சொல்ல யாரும் இல்லை. செட்டிங்ஸில் டிஎன்எஸ் என்ற வரியை எடிட் செய்து தானியங்கிக்கு மாற்றுங்கள். மாற்றியும் சுணக்கம் இருந்தால் 1.1.1.1 முதலாவதாகவும் 8.8.8.8 இரண்டாவதாகவும் கொடுங்கள். முதலாவது கிளவுட்ஃபிளேர் நடத்துவது, இரண்டாவது கூகுள் நடத்துவது.

டிஎன்எஸ் மாற்றினால் இறங்கும் வேகமே கூடும் என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். கதவு சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான்.

ஆன் செய்த முதல் அரை மணி மோசம், பிறகு சரியாகிறது

பின்னால் ஏதோ இறங்குகிறது. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் கம்ப்யூட்டரில் இது நிச்சயம்: விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ், பிரௌசர், கேம் என்று ஒரு வாரத்து வேலையை எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்துப்போட்டுக்கொள்ளும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் என்ற தலைப்பின் மேல் சொடுக்குங்கள். அதிகம் தின்பவர் முதலில் வந்து நிற்பார். அப்டேட் என்றால் நிறுத்த வேண்டாம், முடியட்டும். தள்ளிப்போட்டால் நாளைக்கும் இதே கதைதான். அவசர வேலை இருக்கும் நாளில் மட்டும், பின்னால் இறங்குவதை விண்டோஸ் அடக்கி வைக்கும்படி அந்த வைஃபையை மீட்டர்டு கனெக்‌ஷன் என்று குறித்துவிட்டுப் பிறகு எடுத்துவிடுங்கள்.

இதன் இன்னொரு முகம், ஏறும் பக்கம். கல்யாண வீடியோக்களை ஃபோல்டரில் போட்டதும் ஒன்டிரைவோ கூகுள் டிரைவோ அதை மேலே ஏற்ற ஆரம்பிக்கும். ஏறும் வழி முழுக்க அடைபட்டால் இறங்குவதும் திணறும், ஏனென்றால் இறங்கும் ஒவ்வொரு துண்டுக்கும் 'கிடைத்தது' என்ற பதில் அதே ஏறும் வழியில்தான் போக வேண்டும். அப்போது வீட்டில் எல்லோருக்குமே மெதுவாகும், ஆனால் காரணம் இந்த ஒரே கம்ப்யூட்டர். ஏற்றும் வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி இரண்டிலும் இருக்கிறது. உங்கள் ஏறும் வேகத்தில் பாதியை வரம்பாக வையுங்கள்.

ஒரு பிரௌசரில் மட்டும்

குரோமில் ஊர்கிறது, எட்ஜிலோ ஃபயர்பாக்ஸிலோ ஓடுகிறது என்றால் காரணம் எக்ஸ்டென்ஷன், பிரௌசரோடு ஒட்டவைக்கும் குட்டி மென்பொருள். இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள், அங்கே எக்ஸ்டென்ஷன்கள் வழக்கமாக ஓடாது. வேகம் வந்தால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பிடியுங்கள். கூப்பன் தேடித் தருகிறேன், பிடிஎஃப் மாற்றித் தருகிறேன் என்று வந்து உட்கார்ந்தவற்றை முதலில் பாருங்கள்.

எல்லாப் பிரௌசரிலும் மெதுவாக, ஆனால் மற்ற மென்பொருள்கள் வேகமாக இருந்தால் செட்டிங்ஸில் ப்ராக்ஸி (நெட்டுக்கு நடுவில் நிற்கும் இடைத்தரகர் கம்ப்யூட்டர்) பகுதியைப் பாருங்கள். நீங்கள் வைக்காத முகவரி அங்கே இருந்தால் உடனே எடுத்துவிட்டு ஆன்டிவைரஸை முழுதாக ஓட்டுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், உங்கள் பாஸ்வேர்டுகள் அந்த வழியாகப் போகின்றன. உங்கள் நெட்டை வேறொரு கம்ப்யூட்டர் வழியாகத் திருப்பிவிடும் இலவச விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே மந்தம் வரும். கடலூரிலிருந்து சென்னைக்குப் போக வேண்டியது ஏதோ ஒரு நாட்டைச் சுற்றி வருகிறது.

ஸ்பீடு டெஸ்டில் குறையில்லை, ஆனாலும் எதுவும் நகரவில்லை

இது நெட்டே கிடையாது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா, மெமரி 90-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். 4 ஜிபி ராமும் சுழலும் ஹார்டு டிஸ்கும் உள்ள கம்ப்யூட்டரில் பத்து டேப் திறந்தால் ராம் நிரம்பி, மிச்சத்தை டிஸ்கில் எழுதி எழுதிப் படிக்கும். பார்ப்பவருக்குப் பக்கம் திறக்கவில்லை என்று தோன்றும். பிளானை 100-லிருந்து 300-க்கு ஏற்றினாலும் ஒரு நொடிகூடக் குறையாது. அந்த மாதாந்திரப் பணத்தை ஒருமுறை எஸ்எஸ்டிக்கும் இன்னொரு 4 ஜிபி ராமுக்கும் போடுங்கள். பல வீடுகளில் இதைச் செய்து, அதே கம்ப்யூட்டரைப் பிள்ளைகள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அறுந்து அறுந்து வருகிறது

வீடியோ காலில் முகம் உறைகிறது, குரல் போய்ப் போய் வருகிறது. சராசரி வேகம் நன்றாகவே இருக்கும். இதற்கு ஸ்பீடு டெஸ்ட் உதவாது, பிங்தான் வேண்டும். கமாண்ட் ப்ராம்ட்டைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு உங்கள் ரூட்டரின் எண்ணைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. கடைசியில் ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் டி என்ற ஆங்கிலச் சிறிய எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். இரண்டு நிமிடம் வேடிக்கை பாருங்கள். வயரில் எல்லா வரியும் 1 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும். வைஃபையில் 2, 3, 5 என்று ஆடலாம். நடுநடுவே 400, 900 என்று குதித்தால், அல்லது ரிக்வஸ்ட் டைம்டு அவுட் என்று வந்தால், கோளாறு உங்கள் வீட்டுக்குள்தான், தெருவில் இல்லை. ரூட்டர் வரை ஒழுங்காக இருந்து 8.8.8.8-க்குக் கொடுக்கும்போது மட்டும் குதித்தால் அது வெளியே. இந்த இரண்டு திரையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு நெட்காரரைக் கூப்பிடுங்கள். அப்போது பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

லேப்டாப்பில் இந்தக் குதிப்புக்கு ஓர் எளிய காரணம் மின்சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்தக் கார்டை அணைக்க அனுமதிக்கும் டிக் ஒன்று இருக்கும். எடுத்துவிடுங்கள். சார்ஜர் போட்டால் சரி, எடுத்தால் அறுகிறது என்றால் இதுவேதான்.

தளங்கள் பாதுகாப்பு இல்லை என்று அடம்பிடித்தால்

கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் தளங்களின் சான்றிதழை ஏற்காது. பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் முடிந்தது.

எதிலும் அகப்படவில்லை என்றால்

இன்டர்நெட் பூஸ்டர் என்று ஏதாவது மென்பொருள் போட்டிருந்தால், அதிலேயே பழைய நிலைக்குத் திருப்பும் பொத்தானை அழுத்திவிட்டு நீக்குங்கள். அவற்றில் சில, ஒரே மூச்சில் எவ்வளவு தரவு வாங்கலாம் என்று விண்டோஸ் தானே கணித்துக்கொள்ளும் ஏற்பாட்டை நிறுத்திவிடுகின்றன. 64 கிலோபைட் வாங்கிவிட்டு ஒவ்வொரு முறையும் பதில் சொல்லக் காத்திருந்தால், 40 மில்லி செகண்ட் தூரத்தில் இருக்கும் தளத்திலிருந்து ஓர் இணைப்பில் 13 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வராது, நீங்கள் 300 பிளான் வைத்திருந்தாலும்.

பிறகு ஒரு பென்டிரைவில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். நிறுவ வேண்டாம், முயன்று பார் என்ற வழியில் திறந்தால் உங்கள் ஃபைல்களைத் தொடாது. அதே மேசை, அதே வயர், அதே வைஃபை. ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். வேகம் வந்தால் உறுப்புகள் எல்லாம் நலம், கோளாறு விண்டோஸில். அப்போது செட்டிங்ஸில் நெட்வொர்க் ரீசெட் கொடுங்கள். வைஃபை பாஸ்வேர்டு மறந்துபோகும், அதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விபிஎன் வைத்திருந்தால் மறுபடி அமைக்க வேண்டிவரும். பென்டிரைவிலும் அதே மந்தம் என்றால் கார்டுதான். வீட்டில் இன்னொருவரிடம் வைஃபை டாங்கிள் இருந்தால் ஒரு நாள் கடன் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.